பணிச்சோர்வுக்குப் பின், மனச்சோர்வோடு வேலைக்குத் திரும்புதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை நான் வேலைக்குத் திரும்பியது ஆறு வார விடுப்புக்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமையில். தூக்கம் ஓரளவு தேறியிருந்தது, அழுகை நின்றிருந்தது, விடுப்பும் தீர்ந்திருந்தது. ஆகவே குணமாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மருத்துவரிடம் தகுதிச் சான்றிதழை மட்டும் வாங்கினேன், வேறு எதையும் கேட்கவில்லை. முதல் நாளிலேயே பழைய வேலைகள் அத்தனையும் என் மேசைக்குத் திரும்பின. பத்தொன்பதாம் நாள் காலை, அலுவலக வாகன நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய பிறகு, ஹெல்மெட்டின் வாரைக் கழற்ற முடியாமல் நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொக்கியில் பழுது ஒன்றும் இல்லை. அதைக் கழற்றி என்ன செய்யப் போகிறோம் என்பது விரல்களுக்கு விளங்கவில்லை. அன்று வீடு திரும்பிய நான் மறுபடி அலுவலகம் போக நான்கு மாதம் ஆயிற்று.

இரண்டாம் முறை போனபோதும் மனச்சோர்வு என்னுடன்தான் வந்தது. இன்றும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த முறை வேலை நிலைத்தது. நான் வலிமையானதால் அது நடக்கவில்லை. போகும் முன்பே வேலையின் அளவும் நேரமும் மாற்றப்பட்டிருந்தன, சிகிச்சை இடையில் நிற்கவில்லை, சுமை மெதுவாகக் கூடியது. அந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: இரண்டு சோர்வுகளும் ஒன்றல்ல

பணிச்சோர்வு, மனச்சோர்வு என்ற இரண்டு சொற்களும் சோர்வு என்றே முடிவதால் நாம் எளிதில் குழப்பிக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தால் வரும், பணியிடம் சார்ந்த ஒரு நிகழ்வு என்றே குறிக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்பு ஏறுதல், எதைச் செய்தாலும் உருப்படியாக இல்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மனச்சோர்வோ மருத்துவம் ஏற்ற நோய். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருப்பதும், முன்பு பிடித்தவை பிடிக்காமல் போவதும், தூக்கம், பசி, கவனம் ஆகியவை குலைவதும் அதில் சேரும்.

வேறுபாட்டை ஊருக்குப் போகும்போது பார்க்கலாம். பணிச்சோர்வு மட்டும் உள்ளவருக்கு ஊர்த் திருவிழாவில் முகம் மலரும், திரும்பும் பேருந்தில்தான் நெஞ்சு கனக்கும். மனச்சோர்வு உள்ளவருக்குத் தேர் கண்முன் நகரும்போதும் உள்ளே எதுவும் அசையாது. இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், விடுப்பு முதலாவதைத் தணிக்கும், இரண்டாவதை அதனால் மட்டும் தீர்க்க முடியாது. மாத்திரையும் உளவியல் சிகிச்சையும் இரண்டாவதைக் குறைக்கும், ஆனால் இரவு பதினொரு மணிக்கு வரும் அலுவலக அழைப்பை எந்த மாத்திரையும் நிறுத்தாது. இரண்டும் சேர்ந்து இருப்பவர் இரண்டு பக்கமும் வேலை செய்தாக வேண்டும்.

முதல் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்

"எப்போது வேலைக்குப் போகலாம்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு போகாதீர்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் இதே போன்ற அசதியைத் தரும். குறிப்பாக சைவ உணவு உண்பவர்களிடம் பி12 குறைவது சாதாரணம். இந்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது மருந்தின் காலக்கணக்கு. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமும், முழுப் பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமும் ஆகலாம். ஆனால் குமட்டல், தூக்கக் கலக்கம், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆகவே புதிய மாத்திரை தொடங்கிய, அல்லது அளவு மாற்றிய முதல் இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பகலில் தூக்கம் தள்ளினால் இருசக்கர வாகனம் ஓட்டலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மனம் தேறிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் நான் அறிந்த மிகப் பெரிய தவறு. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடருமாறு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். முன்பே ஒருமுறை வந்து போனவருக்கு இன்னும் நீளும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். வேலைக்குத் திரும்பும் மாதம் மருந்தைக் குறைத்துப் பார்ப்பதற்கான மாதம் அல்ல.

தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காது என்றால், தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இப்போது இருக்கும் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கப்பட்டது. அந்த வாசலைப் பற்றி ஊரில் வழங்கும் கேலிகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அந்தக் கேலியால் எத்தனை பேருக்கு சிகிச்சை தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனம் பொறுப்பதில்லை.

இரண்டாம் படி: ஒத்திகை

அலுவலகம் போகும் முன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். வேலை நாளில் எழ வேண்டிய நேரத்துக்கு எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, ஒன்பது மணிக்குள் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். நான் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் உண்டு. மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களில் கிளை நூலகம் போதும். முதல் வாரம் பத்து மணி முதல் ஒரு மணி வரை, இரண்டாம் வாரம் மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்து, வேலையை ஒத்த ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு கட்டுரையைப் படித்துச் சுருக்கி எழுதலாம், குடும்பக் கணக்கை எக்செல்லில் ஏற்றலாம்.

இந்த ஒத்திகை, மனநிலையைவிட மெதுவாகத் திரும்பும் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். அழுகை நின்ற பிறகும் கவனம், நினைவு, முடிவெடுக்கும் வேகம் ஆகியவை வாரக்கணக்கில் மந்தமாகவே இருப்பது மனச்சோர்வின் இயல்பு. முதல் நாள் நூலகத்தில் ஒரே பத்தியை நான் ஐந்து முறை படித்தேன். பத்தாம் நாள் இரண்டு முறை படித்தால் போதுமாக இருந்தது. அந்த வேறுபாட்டைத் தேதியோடு குறித்து வைத்திருந்ததால்தான், பின்னாளில் அலுவலகத்தில் தடுமாறியபோது நான் முட்டாளாகிவிடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடிந்தது.

கூடவே, வாரத்துக்கு ஒருமுறை பிஎச்க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் நடுத்தர அளவு, 20 அல்லது அதற்கு மேல் கடுமை என்று கொள்வார்கள். நோயைத் தீர்மானிப்பது மருத்துவர்தான், ஆனால் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது உங்களுக்கும் அவருக்கும் உதவும். ஒன்பதாம் கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு விடை பூஜ்யம் இல்லை என்றால் வேலையை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: உங்களை முறித்தது எது என்று எழுதுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்ததால்தான் என் முதல் முயற்சி தோற்றது. "வேலை ரொம்ப அதிகம்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது யாருக்கும் பயன்படாத வாக்கியம். பணிச்சோர்வைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்பவருடன் சேர்ந்து, அது பிறக்கும் ஆறு இடங்களைச் சொல்கிறார்: வேலையின் சுமை, அதன்மீது நமக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் பலன், உடன் பணிபுரிவோர் உறவு, நியாயம், நம் மதிப்பீடுகளுக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம். ஒரு தாளை ஆறாக மடித்து, ஒவ்வொன்றின் கீழும் உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

நான் எழுதியபோது வியப்பாக இருந்தது. சுமையின் கீழ் இரண்டே வரிகள். கட்டுப்பாட்டின் கீழ் ஒரு பக்கம்: வெளிநாட்டு வாடிக்கையாளரின் நேரத்துக்காக இரவு ஒன்பதரைக்கு வரும் அழைப்பு, ஒரே நாளில் மூன்று முறை மாறும் முன்னுரிமை, என்னைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளப்பட்ட கெடு தேதிகள். நியாயத்தின் கீழ், பதவி உயர்வுப் பட்டியல் வந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தேன். எழுதும்போது கை நடுங்கியது. வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு உதவாத ஒன்றைத்தான் கேட்டிருப்பேன் என்பது அப்போது புரிந்தது. மாற வேண்டியது இரவு அழைப்பும் முன்னுரிமையை யார் முடிவு செய்வது என்பதும்தான்.

இந்தப் பட்டியலிலிருந்து, அலுவலகம் மாற்றித்தரக்கூடிய இரண்டு அல்லது மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் கேட்டால் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

நான்காம் படி: அலுவலகத்தோடு பேசுதல்

நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்பதே எல்லோருக்கும் எழும் கேள்வி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அதன் 23ஆம் பிரிவில், உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. சான்றிதழில் "மருத்துவக் காரணம்" என்று பொதுவாக எழுதித்தர முடியுமா என்று கேளுங்கள். பல மருத்துவர்கள் எழுதித்தருகிறார்கள். மேலாளருக்குத் தேவையானது நோயின் பெயர் அல்ல, உங்களால் இப்போது எவ்வளவு முடியும் என்ற தகவல். நம்பிக்கையான மேலாளர் என்றால் கூடுதலாகச் சொல்லலாம். ஆனால் ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெற முடியாது, அவர் நாளை வேறு பிரிவுக்கு மாறினாலும் நீங்கள் சொன்னது இங்கேயே இருக்கும் என்பதை யோசித்துச் சொல்லுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அரசு நிறுவனங்கள் பணியில் தக்க வசதி செய்துதர வேண்டும் என்று 20ஆம் பிரிவும், நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று 21ஆம் பிரிவும் சொல்கின்றன. அச்சட்டத்தின் விளக்கத்துக்குள் எல்லா மனச்சோர்வும் வந்துவிடாது. கடுமையாகவும் நீண்டகாலமாகவும் இருந்தால் மட்டுமே அந்த வழியை யோசிக்கலாம். மற்றவர்கள் நல்லெண்ணத்தையும் எழுத்தையும் நம்பித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில், பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நோய்விடுப்பில் இருந்தவரை முதலாளியே அழைத்து, மீண்டும் வேலைக்கு வருவதைப் பற்றிப் பேச முன்வர வேண்டும் என்பது சட்டம். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையும் அங்கே உண்டு. நம் ஊரில் நாம்தான் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

முதலில் தொலைபேசியில் பேசி, பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அனுப்பியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"வணக்கம் சார். மருத்துவ விடுப்பில் இருந்த நான், மருத்துவரின் ஆலோசனைப்படி வரும் 3ஆம் தேதி முதல் பணிக்குத் திரும்புகிறேன். முதல் எட்டு வாரம் பணிநேரத்தைப் படிப்படியாகக் கூட்டுமாறு அவர் எழுதியிருக்கிறார், சான்றிதழை இணைத்துள்ளேன். இந்த எட்டு வாரமும் இரவு 7 மணிக்குப் பிந்தைய அழைப்புகளிலிருந்து எனக்கு விலக்கு வேண்டும். என் பணிகளின் முன்னுரிமையை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்கள் ஒருவரே முடிவு செய்து தந்தால் உதவியாக இருக்கும். நான்காம் வார இறுதியில் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்து பரிசீலிக்கலாம். அரை நாள் பணிக்குச் சம்பளமும் விடுப்பும் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை மனிதவளப் பிரிவு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

மன்னிப்பு என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வரைவில் மூன்று இடத்தில் இருந்தது. என் அக்கா படித்துவிட்டு மூன்றையும் அடித்துவிட்டாள்.

ஐந்தாம் படி: எட்டு வாரக் கால அட்டவணை

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். மூன்றாம், நான்காம் வாரம் ஐந்து அல்லது ஆறு. பிறகு முழு நேரம், ஆனால் கூடுதல் நேரம் கிடையாது. மனச்சோர்வு பலருக்குக் காலையில்தான் கனமாக இருக்கும். உங்களுக்கும் அப்படி என்றால் பதினோரு மணிக்குத் தொடங்கும் அரை நாளைக் கேளுங்கள். சுமையையும் இதே வரிசையில் கூட்டுங்கள்: முதலில் தெரிந்த, தனியாகச் செய்யக்கூடிய, கெடு இல்லாத வேலை, பிறகு கூட்டங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் வாடிக்கையாளரோடு நேரடிப் பேச்சு.

அரை நாள் என்ற பேச்சுக்கே இடமில்லாத அலுவலகங்கள் ஏராளம் என்பதை அறிவேன். அதற்கு ஒரு வழி உண்டு. சேர்ந்திருக்கும் விடுப்பை நோயின்போதே மொத்தமாகத் தீர்த்துவிடாமல் எட்டு அல்லது பத்து நாளை மிச்சம் வையுங்கள். திரும்பிய பிறகு புதன்கிழமைதோறும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டியதில்லை என்ற நினைப்பே திங்கட்கிழமையைத் தாங்க வைக்கும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர்கள், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறுபவர்கள், நிபந்தனைகள் பொருந்தினால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும்.

நன்றாக இருக்கும் நாளில் கூடுதலாக உழைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் பழைய வேகம் திரும்பிவிட்டது என்ற மகிழ்ச்சியில் இரவு எட்டு வரை இருந்தேன். அடுத்த இரண்டு நாளும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அட்டவணை சொல்லும் நேரத்தில், வேலை பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள்.

முதல் நாள்

திங்கட்கிழமை வேண்டாம், புதன் அல்லது வியாழனில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் வார இறுதி வந்துவிடும். பல மாதம் பயன்படுத்தாத அடையாள அட்டை வாசலில் சிவப்பு விளக்கைக் காட்டக்கூடும், கடவுச்சொல்லும் காலாவதியாகியிருக்கும். அதற்காக வாசலில் காத்து நிற்பதே அன்று கண்ணீரை வரவைக்கும் என்பதால், முந்தைய நாளே அவற்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தேங்கிய மின்னஞ்சல்களை வரிசையாகப் படிக்காதீர்கள். எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, முக்கியமானவை எவை என்று ஒரே ஒருவரைக் கேளுங்கள். எனக்கு வந்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில் உண்மையில் பதில் தேவைப்பட்டவை ஒன்பது.

"என்ன, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கேட்பார்கள். "உடம்பு சரியில்லை, இப்போ தேவலை. நீங்க எப்படி இருக்கீங்க?" என்ற பதிலை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். முடிவில் இருக்கும் கேள்விதான் முக்கியம். பேச்சு அவர்கள் பக்கம் திரும்பிவிடும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். "வேலைக்குப் போயாச்சுல்ல, இனிமே மாத்திரை எதுக்கு?" என்று அன்பினாலேயே கேட்பார்கள். சர்க்கரை நோயாளி வேலைக்குப் போனால் மாத்திரையை நிறுத்துவாரா என்று கேட்டேன். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது.

ஆறாம் படி: திரும்பவும் சரியும்போது

ஒவ்வொருவருக்கும் சரிவின் முதல் அறிகுறி வேறாக இருக்கும். எனக்கு அது டிபன் பாக்ஸ். மதியம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிவந்தால், அதுவும் ஒரே வாரத்தில் மூன்று முறை நடந்தால், மருத்துவரை அழைக்க வேண்டும் என்று அக்காவும் நானும் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். சிலருக்கு அதிகாலை மூன்று மணி விழிப்பு, சிலருக்கு அம்மாவின் அழைப்பை எடுக்காமல் விடுவது. உங்கள் அறிகுறி மூன்றையும், அவை தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நலமாக இருக்கும்போதே எழுதி, உங்களோடு இருப்பவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். சரியும்போது நமக்கு அது தெரியாது, அவருக்குத் தெரியும். அட்டவணையில் இரண்டு வாரம் பின்னோக்கிப் போவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். மேலாளருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே அந்த வாய்ப்பையும் குறிப்பிட்டுவிடலாம்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அட்டவணை, அலுவலகம் எல்லாம் அடுத்தபடி. 14416 என்ற டெலிமனாஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ஐயும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் தனியே இருக்காமல், உடனே ஒருவரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அலுவலகம் மாறவே மறுத்தால்

மனம் தாழ்ந்திருக்கும் வாரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். எட்டு வாரம் முடிந்த பிறகு, அந்த ஆறு கட்டத் தாளை மறுபடி எடுத்து, உங்களை முறித்தவை அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வேறு வேலை தேடுவது நியாயமான சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆனால் நிறுவனம் தரும் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னாலும், புதிதாக எடுக்கும் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். பல திட்டங்கள் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும், மாதாந்திர ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் தராது. ஆகவே கடிதம் கொடுக்கும் முன் மூன்று மாத மருந்துச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள், குழுக் காப்பீட்டைத் தனிநபர் காப்பீடாக மாற்ற முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே மருத்துவருடன் அடுத்த இரண்டு சந்திப்புகளுக்கும் நாள் குறித்துவிடுங்கள்.